மைக்கம்மா விழுங்கிய ஆமை

மகள் ஊரைவிட்டுப் போனது ஒரு திங்கட்கிழமை. அவள் ஏறிய பேருந்தை அறிவித்தவள் அவளைப் பெற்றவளேதான்.

"பயணிகள் கவனிக்கவும். நான்காம் மேடையில் நிற்கும் வண்டி இப்போது புறப்படுகிறது."

பேருந்து நிலையத்து மாடியில், தூசி படிந்த கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்துகொண்டு, எல்லா வண்டிக்கும் சொல்வதைப் போலவே அதற்கும் சொன்னாள். குரலில் ஒரு பிசிறு கிடையாது. கீழே ஜன்னலோரமாக உட்கார்ந்திருந்த மகள் ஒருமுறை நிமிர்ந்து மேலே பார்த்தாள். கூண்டுக்குள்ளிருந்து கை அசையவில்லை. வண்டி வளைவில் திரும்பி மறைந்ததும் பக்கத்து நாற்காலிக்காரிதான் மூக்கை உறிஞ்சினாள்.

"என்னக்கா நீங்க, உங்க பொண்ணு போற வண்டியாச்சே."

"பொண்ணு போறான்னு வண்டி அழுதுகிட்டா போகும்? அடுத்தது ஏழாம் மேடையா? தள்ளு."

இந்தக் கதையைப் பெருமையாகச் சொல்லித் திரிந்தவர்கள் உண்டு. அதில் முதல் ஆள் அவளேதான்.

தெருவில் அவளுக்கு மைக்கம்மா என்று பெயர். கடையில் நின்று ஒரு சோப்பு கேட்டாலும், சுற்றி நிற்கும் நாலு பேருக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடத் தோன்றும், அப்படிக் கேட்பாள். வந்த வண்டியை வந்தது என்பாள், வராத வண்டியை வரவில்லை என்பாள். கூட்டம் கத்துகிறதே, 'வந்துகொண்டிருக்கிறது' என்று ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள் என்று மேலதிகாரி கெஞ்சினாலும் சொல்லமாட்டாள். "வந்துகிட்டிருக்கறத நீங்க பாத்தீங்களா?" என்று திருப்பிக் கேட்டு அவர் வாயை அடைப்பாள். 'என் வாயில இல்லாதது வராது' என்பது அவளுடைய பேச்சு. ஒரு நாளில் பத்துப் பேரிடமாவது அதைச் சொல்லாவிட்டால் அவளுக்குத் தூக்கம் வராது. உண்மை பேசுவதில் ஒரு மனுஷிக்கு இவ்வளவு பெருமை இருக்கக் கூடாது. குளிப்பதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்வது மாதிரி அது.

மகள் போனது வேலைக்குத்தான். கம்ப்யூட்டர் விளையாட்டுகள் செய்யும் கம்பெனி ஒன்றில், உலகத்தில் இல்லாத மிருகங்களுக்கு உடம்பு வரைந்து கொடுக்கும் வேலை. கிளம்புவதற்கு முந்தின சாயங்காலம் மகள் பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டிருக்க, தாய்க்காரி வாசற்படியில் நின்றுகொண்டு மொத்தக் கட்டிடத்துக்கும் அறிவித்தாள்.

"இவ்வளவு படிச்சு முடிச்சு, இல்லாத பிசாசுக்கு வால் வரையப் போறாளாம்!"

"வால் மட்டும் இல்லம்மா. றெக்கையும் உண்டு."

"கொழுப்பு. எல்லாம் உங்கப்பன் குடுத்த கொழுப்பு."

உள்ளே இருந்த அப்பன் செய்தித்தாளைச் சற்று உயரத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார்.

அந்த மனிதர் பெரிய அலுவலகக் கட்டிடம் ஒன்றில் லிப்ட் இயக்குபவர். நாள் முழுக்க ஒரு பெட்டிக்குள் நின்றுகொண்டு மேலே போவதும் கீழே வருவதும்தான் பிழைப்பு. சலிப்புத் தாங்காமல் ஏறுகிறவர்களிடமெல்லாம் கதை விடுவார். ஒன்பதாம் மாடியில் ஒரு ராட்சசன் பிறப்பான், ஐந்தாம் மாடியில் மலையைத் தூக்குவான், தரைத்தளம் வந்ததும் கதவு திறந்துவிடும், ஆட்கள் போய்விடுவார்கள். அதனால் அவருடைய ஒரு கதைக்கும் முடிவு கிடையாது. வீட்டுக்கு வந்து மகளுக்குச் சொன்ன கதைகளும் அப்படியே. வாலறுந்த கதைகளாகக் கேட்டு வளர்ந்த பெண் வால் வரையப் போனதில் ஆச்சரியம் இல்லை.

மகளுக்கு ஆறு வயதிருக்கும்போது அவர் ஒரு மீன் கதை சொன்னார். மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிக்குள் ஏழு கொம்பு உள்ள மீன் ஒன்று இருக்கிறது. காலையில் குழாயைத் திறந்ததும் 'ஙொய்ங்' என்று ஒரு முனகல் வருகிறதே, அது மீன் பேசுவது. பிள்ளை தினமும் குழாயடியில் நின்று அதற்குப் பதில் சொல்ல ஆரம்பித்தாள். பல் தேய்க்க நேரமாயிற்று, பள்ளிக்கூடத்துக்கு நேரமாயிற்று.

மைக்கம்மா பொறுத்துப் பார்த்தாள். ஒருநாள் பிள்ளையின் கையைப் பிடித்து மாடிக்கு இழுத்துக்கொண்டு போய், தொட்டியின் மூடியைத் தூக்கி, அவளை இடுப்பில் ஏந்திக் காட்டினாள்.

"பாரு. நல்லா பாரு. என்ன இருக்கு?"

"தண்ணி."

"அப்புறம்?"

"பாசி."

"மீனு இருக்கா? கொம்பு இருக்கா? குழாய்ல காத்து புகுந்தா அப்படித்தான் சத்தம் வரும். காத்து! புரியுதா?"

பிள்ளை தண்ணீரையே வெகுநேரம் பார்த்தாள். பிறகு அம்மாவின் முகத்தைப் பார்த்தாள்.

"நீ கத்தினியா, அதான் பயந்துகிட்டு அடியில போயிடுச்சு. மூடியைப் போடாதம்மா. அதுக்கு மூச்சு முட்டும்."

மைக்கம்மா மூடியைப் போட்டாள். போட்ட சத்தம் கீழ்வீடு வரைக்கும் கேட்டது.

அதற்குப் பிறகு மகள் அவளிடம் எதையும் சொன்னதில்லை. சண்டை இல்லை, கோபம் இல்லை, கேட்டால் பதில் வரும். ஆனால் விசாரணைக் கூண்டில் பேருந்து நேரம் கேட்கிற மாதிரிதான் பேச்சு. வெளியூர் போன பிறகும் அதே. அப்பாவிடம் மணிக்கணக்கில் சிரித்துப் பேசுவாள். போன் அம்மா கைக்கு வந்ததும், "நல்லாருக்கியா, மாத்திரை போட்டியா, சரி" என்று வண்டி கிளம்பிவிடும். மைக்கம்மாவுக்கு அது உறைத்ததா? உறைத்தது. 'வளர்ந்த பொண்ணு, வேலை இருக்கும்' என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். இல்லாதது வராத வாய் அது என்பதை இங்கே நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

*

ஓய்வு பெற்றதும் வீட்டில் சும்மா இருக்க முடியாமல், பார்வையில்லாதவர்களுக்குப் புத்தகங்களைப் படித்துப் பதிவு செய்து கொடுக்கும் ஒலி நூலகத்தில் சேர்ந்தாள். ஒரு பழைய கட்டிடத்தின் பின்பக்க அறை. சுவரெல்லாம் சாம்பல் நிற நுரைமெத்தை. நடுவில் ஒரு மேசை, ஒரு மைக், பக்கம் புரட்டினால் சத்தம் வராமல் இருக்க மேசைமேல் ஒரு கம்பளித் துண்டு. மின்விசிறி கிடையாது, சத்தம் பதிவாகிவிடும் என்று அணைத்துவிடுவார்கள். வியர்க்க வியர்க்கப் படிக்க வேண்டும். அவளுக்கு அது பிடித்திருந்தது. கஷ்டப்பட்டுச் செய்தால்தான் உண்மையான வேலை என்று நினைக்கிற ரகம்.

அங்கே இரண்டு விதிகள். ஒன்று, ஒவ்வொரு பக்கம் தொடங்கும்போதும் பக்க எண்ணைச் சொல்ல வேண்டும். பரீட்சைக்குப் படிக்கிறவர்களுக்கு அது தேவை. இரண்டாவது, உள்ளே ஒருவர் படிக்கும்போது, கண்ணாடிக்கு வெளியே இன்னொருவர் அதே புத்தகத்தின் வேறொரு பிரதியை வைத்துக்கொண்டு வரிக்கு வரி கேட்டு வர வேண்டும். தப்பு வந்தால் அவர் மணி அடிப்பார். இவள் மறுபடி படிப்பாள்.

அந்த வெளியாளுக்குக் காதுசார் என்று பெயர். பழைய பள்ளிக்கூட வாத்தியார். காதில் ஹெட்போன் மாட்டியதும் கண் சொருகிவிடும். அவர் இரண்டு முறைதான் மணி அடித்திருக்கிறார். இரண்டும் தூக்கத்தில் கை பட்டு.

மைக்கம்மா சட்டப் புத்தகங்கள், சரித்திரப் புத்தகங்கள், சர்க்கரை நோயாளிகளுக்கான உணவுமுறை என்று வருஷக்கணக்கில் வரிசையாகப் படித்துத் தள்ளினாள். அவள் குரலுக்கு நல்ல கிராக்கி. ஒரு கமா விடமாட்டாள். அப்படி இருக்கையில்தான், யாரோ உறுப்பினர் கேட்டிருக்கிறார் என்று ஒரு தடித்த கதைப் புத்தகம் மேசைக்கு வந்தது.

ஆற்றில் அண்ணனைப் பறிகொடுத்த ஒரு பெண்ணின் கதை அது. அவள் கரையில் நின்று கூப்பிட, ஆற்றின் அடியிலிருந்து படகளவு பெரிய ஆமை ஒன்று எழுந்து வரும். ஏறுவதற்குக் கட்டணம் ஏறுகிறவருடைய நிழல். நிழலைக் கொடுத்துவிட்டு அவள் ஆற்றரசியின் நாட்டுக்குப் போவாள். அங்கே போனவர்களுக்கெல்லாம் ஒரு கிண்ணம் தண்ணீர் கொடுத்து ஊரையும் பெயரையும் மறக்கடித்துவிடுவார்கள். அண்ணனும் குடித்திருப்பான். தங்கையைப் பார்த்து, "யாரம்மா நீ, யாரைத் தேடி வந்தாய்?" என்று மரியாதையாகக் கேட்பான். அவள் தனியாகத் திரும்பி வருவாள். அவளுடைய நிழல் மட்டும் அவனுக்குத் துணையாகக் கீழேயே இருந்துவிடும்.

மைக்கம்மா நாலு பக்கம் வாசித்துப் பார்த்தாள். உடம்பு கூசியது. "கண்ணு தெரியாதவங்களுக்கு இருக்கறதையே யாரும் ஒழுங்கா சொல்றதில்ல. இதுல இல்லாதத வேற காதுல ஊத்தணுமா?" என்று காதுசாரிடம் கேட்டாள். காதுசார் தூக்கத்தில் தலையை ஆட்டினார். அனுமதி கிடைத்துவிட்டது.

அவள் பொய் சொல்லவில்லை. சுத்தம் செய்தாள், அவ்வளவுதான். ஆமையைப் படகாக்கினாள். நிழல் கட்டணத்தைத் தூக்கி எறிந்தாள். ஆற்றரசி அக்கரையில் வசிக்கும் ஒரு வசதியான பெண்மணி ஆனாள். அண்ணன் ஏன் எல்லாவற்றையும் மறந்தான்? யோசித்தாள். அவனுக்கு மூளைக்காய்ச்சல் கொடுத்தாள். காய்ச்சல் கொடுத்த பிறகு சும்மா விட மனசு வரவில்லை. அக்கரையில் ஒரு ஆஸ்பத்திரி கட்டினாள், டாக்டரை வரவழைத்தாள், ஊசி போட்டாள். அண்ணனுக்கு நினைவு திரும்பியது. அண்ணனும் தங்கையும் கைகோத்துக்கொண்டு வீடு திரும்பினார்கள். படகிலேயே.

ஆனால் பக்க எண்கள்! அவற்றை ஒன்று விடாமல் சொன்னாள். ஆமை மூன்று பக்கம் நீந்தினால், "பக்கம் நாற்பத்தொன்று. அவள் படகில் ஏறினாள். பக்கம் நாற்பத்திரண்டு. படகு சென்றது. பக்கம் நாற்பத்து மூன்று" என்று படித்தாள். கதையை மாற்றலாம், அது குப்பை. எண்ணை மாற்றினால் பொய்யாகிவிடுமே. கால் நூற்றாண்டாக மேடை எண் சொன்ன வாய் அது.

*

புத்தகத்தைக் கேட்டிருந்த உறுப்பினர் ஒரு வக்கீல். பிறவியிலேயே பார்வை கிடையாது. சட்டப் படிப்பு முழுவதையும் மைக்கம்மாவின் குரலில் படித்துத் தேறியவள். வயது முப்பதைத் தாண்டியிருக்காது. நீதிமன்றத்தில் அவள் எழுந்து நின்றால் எதிர்க்கட்சிக்காரர் தண்ணீர் கேட்பார் என்று பேச்சு.

ஒரு முற்பகலில் கைத்தடியைத் தட்டிக்கொண்டு நேரே பதிவறைக்கு வந்தாள். மைக்கம்மா எழுந்து நாற்காலி இழுத்துப் போட்டாள்.

"வாங்க வக்கீலம்மா, உக்காருங்க. என் குரல்ல எல்லாம் தெளிவா இருந்துச்சா?"

"ரொம்பத் தெளிவும்மா. அதான் வந்தேன். அந்த ஆத்துக் கதைல எல்லாப் பக்கமும் ஒரே அளவு எழுத்துதானா? படம் கிடம் உண்டா?"

"படமெல்லாம் இல்ல."

"அப்ப ஒரு பக்கம் படிக்க எவ்வளவு நேரம் எடுப்பீங்களோ, அடுத்த பக்கத்துக்கும் ஏறக்குறைய அதே நேரம் ஆகணும். இல்லையா?"

"ஆமா."

"நாப்பத்திரண்டாம் பக்கத்துல 'படகு சென்றது'ன்னு ரெண்டே வார்த்தை இருக்கு. மிச்சத்த யாரு தின்னா?"

மைக்கம்மா மேசைமேல் இருந்த கம்பளித் துண்டை நீவி நேராக்கினாள். வாழ்நாளில் அவளிடம் யாரும் அப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை. காதுசார் ஹெட்போனைக் கழற்றிவிட்டு, முதல் தடவையாக முழுக் கண்ணையும் திறந்து பார்த்தார்.

"சார்," என்றாள் வக்கீல், அவர் மூச்சுவிடும் பக்கமாகத் திரும்பி. "புத்தகம் உங்க கைலதான இருக்கு? அந்தப் பக்கத்த படிங்க."

காதுசார் தேடி எடுத்துப் படித்தார். ஆமையின் ஓட்டில் பாசி படிந்திருந்தது. அதன் கண்கள் இரண்டும் பழைய கிணறுகளைப் போல இருந்தன. தங்கை கொடுத்த நிழலை அது வாயில் கவ்விக்கொண்டு நீந்தியது. படிக்கப் படிக்க அவர் குரல் இறங்கியது. மனிதர் தான் காவல் காத்த புத்தகத்தை அப்போதுதான் படிக்கிறார்.

"போதும் சார். மிச்சத்த அவங்களே படிக்கட்டும். முழுங்கினவங்கதான் துப்பணும்."

மைக்கம்மாவுக்குக் கோபம் வந்தது. வந்த வேகத்தில் மேடைக்குரலே வந்தது.

"நான் என்ன கெடுதலா செஞ்சேன்? ஆமை பேசுமா? ஆத்துக்கு அடியில ராணி இருப்பாளா? படிச்ச பொண்ணு நீங்க, இந்தப் புளுகெல்லாம் உங்களுக்கு எதுக்குன்னு—"

"நீங்க யானை பாத்திருக்கீங்களா?"

"ஓ, பாத்திருக்கேனே."

"நான் பாத்ததில்ல. யாரோ சொன்னாங்க, நம்பினேன். நிலான்னு ஒண்ணு, கயிறு இல்லாம ஆணி இல்லாம மேல தொங்குதாம். அதையும் நீங்கள்லாம் சொன்னீங்க, நான் மறுபேச்சு இல்லாம நம்பினேன். நிலாவையே ஜீரணிச்சவளுக்கு ஒரு ஆமை செரிக்காதா?"

காதுசாருக்குச் சிரிப்பு வந்து இருமலாக மாறியது.

"சரி, ஆமைய விடுங்க," என்றாள் வக்கீல். அவள் குரல் மாறியிருந்தது. "எனக்குச் சந்தேகம் வந்ததே பக்க எண்ணால இல்ல. அது அப்புறம். முதல்ல சந்தேகம் வந்தது உங்க டாக்டரால. என் தங்கச்சிக்கு மூளைக்காய்ச்சல்தான். ஆஸ்பத்திரில சேத்தோம், ஊசி போட்டாங்க, எல்லாம் பண்ணாங்க. அவ திரும்பி வரல. கடைசி ரெண்டு நாள் நான் கையப் புடிச்சுகிட்டு உக்காந்திருந்தேன், 'யாருக்கா நீங்க?'ன்னு கேட்டா."

காதுசார் கையில் இருந்த புத்தகத்தின் கடைசிப் பக்கங்களைப் புரட்டினார்.

"உங்க கதைல அண்ணன் எழுந்து உக்காந்து வீட்டுக்கு வந்ததும் எனக்கு எரிஞ்சுது. எந்த மடையன் இத எழுதினான்னு திட்டினேன். அப்புறம்தான் பக்கத்த எண்ணினேன். எழுதினவன் மடையன் இல்ல. அவன் கதைல அண்ணன் வரமாட்டான், சரிதான சார்?"

"வரமாட்டான்மா," என்றார் காதுசார்.

"பாத்தீங்களா? ஆமைய வெச்சு அவன் உண்மைய சொல்லியிருக்கான். நீங்க டாக்டர வெச்சு புளுகியிருக்கீங்க."

மைக்கம்மா நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். புளுகி என்று அவளை யாரும் சொன்னதில்லை. தாமதமான வண்டிக்காகக் கல் எறிந்த கூட்டம்கூட அவளைப் புளுகி என்று சொன்னதில்லை.

வக்கீல் கைத்தடியை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"புகார் எழுதிக் குடுத்து உங்க வேலைய காலி பண்ண எனக்கு ஒரு நிமிஷம் ஆகாது. எனக்கு அது பெருசில்ல. உங்க குரல நம்பித்தான் நான் சட்டமே படிச்சேன். இப்ப எந்தப் பிரிவுல எந்த வரிய உங்களுக்குப் பிடிக்காம விட்டீங்கன்னு நான் எங்க போய்த் தேடுவேன்? எதிர்க்கட்சிக்காரன் எழுந்து, அப்படி ஒரு விதிவிலக்கு இருக்கேன்னு சொன்னா, என் முகத்த எங்க வெச்சுக்குவேன்?"

"சட்டத்துல நான் ஒரு எழுத்தும்—"

"அத நான் நம்பணும்னா அந்த ஆமைய முதல்ல ஆத்துல விடுங்க."

*

அன்று வீட்டில் மைக்கம்மா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். குழாய் 'ஙொய்ங்' என்றது. அவள் அதை முறைத்தாள். பின்னால் புருஷன் தட்டைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தார்.

"ஏங்க, அந்த மீனுக்கு எதுக்கு ஏழு கொம்பு?"

தட்டு அவர் கையிலிருந்து நழுவப் பார்த்தது. கல்யாணமான நாளிலிருந்து அவள் அவருடைய கதை எதையும் பற்றிக் கேட்டது கிடையாது.

"இந்தப் பக்கம் மூணு, அந்தப் பக்கம் மூணு. நடுவுல ஒண்ணு குடை மாட்ட."

"தண்ணிக்குள்ள இருக்கற மீனுக்குக் குடை எதுக்கு?"

"தொட்டி மூடி ஒழுகுதேம்மா."

"த்தூ," என்றாள் மைக்கம்மா. இன்னொரு சட்டியை எடுத்துத் தேய்த்தாள். "கடைசில அது என்னாச்சு?"

"தெரியல. தரைத்தளம் வந்துடுச்சு."

மறுநாள் நூலகத்தில் அந்தப் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து திரும்பப் பதிவு செய்ய உட்கார்ந்தாள். கண்ணாடிக்கு வெளியே காதுசார் வெறும் வயிற்றில் வந்திருந்தார், தூக்கம் வரக்கூடாதென்று.

ஆரம்பம் கேவலமாக இருந்தது. ஆமை வரும் இடத்தில் அவள் குரலைக் குழைத்துப் பார்த்தாள், பயமுறுத்திப் பார்த்தாள். பிள்ளைகளுக்குப் பூச்சாண்டி காட்டத் தெரியாத பெண்பிள்ளை பூச்சாண்டி காட்டினால் எப்படி இருக்கும்? அவளுக்கே வெட்கமாக இருந்தது. காதுசார் மணி அடித்தார். மறுபடி அடித்தார். மைக்கம்மாவுக்கு ஆத்திரம் வந்துவிட்டது. "எனக்கு ஒரு குரல்தான் இருக்கு, அதுலதான் படிப்பேன்!" என்று கத்திவிட்டு, முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து, மேடைக்குரலை எடுத்தாள்.

"ஆமை கரைக்கு வந்து நின்றது. நிழல் உள்ளவர்கள் ஏறலாம் என்றது."

நான்காம் மேடையில் வண்டி நிற்கிறது என்று சொன்ன அதே குரல். வந்ததை வந்தது என்று மட்டுமே சொல்லிப் பழகிய குரல். அதில் கெஞ்சல் இல்லை, நம்பச் சொல்லி வற்புறுத்தல் இல்லை. ஆமை வந்துவிட்டது, ஏறுகிறவர்கள் ஏறலாம், ஏறாதவர்கள் அவர்கள் பாடு. கண்ணாடிக்கு வெளியே காதுசார் தரையிலிருந்து இரண்டு கால்களையும் தூக்கி நாற்காலிமேல் வைத்துக்கொண்டார். தரை ஈரமாக இருக்கிறதா என்று குனிந்தும் பார்த்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு பல பக்கங்களுக்கு மணி அடிக்கவில்லை. ஆற்றரசி வந்தாள், கிண்ணம் வந்தது. அண்ணன் தங்கையிடம், யாரைத் தேடி வந்தாய் என்று மரியாதையாகக் கேட்டான். மைக்கம்மா அதையும் பிசிறில்லாமல் படித்தாள். அடுத்த வரியில் ஆமை புறப்பட வேண்டும். தங்கை ஓட்டின்மேல் ஏறி உட்கார்ந்து ஒருமுறை நிமிர்ந்து பார்க்கிறாள். அங்கே நிற்கிற அண்ணன் கை அசைக்கவில்லை.

மைக்கம்மா நிறுத்தினாள்.

வெகுநேரம் ஒன்றும் வராததால் காதுசார் மணியை அடித்தார். அவள் கம்பளித் துண்டின் நுனியால் முகத்தைத் துடைத்தாள். "வியர்வை. ஒரு விசிறி போடத் துப்பில்லாத இடம்," என்று மைக்கிடமே எரிந்து விழுந்தாள். பிறகு பக்க எண்ணைச் சொல்லி, அந்த வரியை மறுபடி முதலிலிருந்து படித்தாள்.

*

ஒரு வாரம் கழித்து வக்கீல் போன் செய்தாள்.

"பக்கமெல்லாம் சரியா இருக்கு. ஆமைக்குத்தான் கொஞ்சம் அதிகாரம் ஜாஸ்தி. போலீஸ்காரன் மாதிரி பேசுது."

"நிழல் வாங்கற ஆமை கொஞ்சிகிட்டா பேசும்?" என்றாள் மைக்கம்மா.

எதிர்முனையில் சிரிப்பு வந்தது. அது அடங்கிய பிறகு வக்கீல் சொன்னாள்: "நிழல்னா என்னன்னு நான் பாத்ததில்லம்மா. தங்கச்சி போனதுக்கப்புறம் என்கிட்டேருந்து எதுவோ போயிடுச்சு, என்னன்னு சொல்லத் தெரியாம இருந்தேன். அது அவகிட்ட இருக்குன்னு இப்ப வெச்சுக்கறேன்." உடனே பழைய குரலுக்குத் திரும்பினாள். "அடுத்தது ஒரு ராட்சசன் புத்தகம் இருக்கு. பெருசு. அவனுக்கு ஊசி கீசி போட்டுடாதீங்க."

மைக்கம்மா திருந்திவிட்டாள் என்று யாராவது நினைத்தால் அவர்களுக்கு அவளைத் தெரியாது. ராட்சசன் புத்தகத்தையும் குப்பை என்றுதான் சொன்னாள். தலைமுடியில் மலையைக் கட்டி இழுப்பானாம், எந்த எண்ணெய் தேய்த்தானோ என்றாள். ஆனால் குப்பையைக் கமா விடாமல் படித்தாள். மலை நகர்கிறது என்று அவள் அறிவித்தால், நகரத்தான் செய்யும் என்று உறுப்பினர்கள் சொல்ல ஆரம்பித்தார்கள். அவள் மூக்கைச் சுளித்துக்கொண்டே அதைக் கேட்டுக்கொண்டாள். பெருமையை மறைக்க அவளுக்கு இருந்த ஒரே முகம் அதுதான்.

பிறகு நூலகம் பதிவுகளை இணையத்தில் ஏற்றியது. லிப்ட்காரர் தன் போனில் அந்த ஆற்றுக் கதையைத் தேடி எடுத்து, மனைவியிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் மகளுக்கு அனுப்பி வைத்தார். பதில் வரவில்லை. மழைக்காலம் ஒன்று வந்து போயிற்று. இன்னொன்றும் வந்து போயிற்று. மகள் அப்பாவிடம் சிரித்துப் பேசினாள், அம்மாவிடம் மாத்திரை விசாரித்தாள். அனுப்பியதை அவரே மறந்துவிட்டார்.

ஒரு காலையில் மைக்கம்மா பல் தேய்க்கக் குழாயைத் திறந்தாள். அது முனகியது. அலமாரியில் இருந்த அவளுடைய போனும் கூடவே ஒரு சத்தம் போட்டது. நுரைத்த வாயோடு எட்டிப் பார்த்தாள். மகளிடமிருந்து, அப்பாவுக்கு அல்ல, அவளுக்கே.

'கேட்டேன்மா. தொட்டி மூடியக் கொஞ்சம் தொறந்து வை. அதுக்கு மூச்சு முட்டும்.'